வாளின்றிக் கைமாறிய மண்

நிலம் கைமாறுவதற்கு உலகம் கண்ட வழிகள் பல. வாளால் மாறியதுண்டு, விலையால் மாறியதுண்டு, மணவினைச் சீதனமாக மாறியதும் உண்டு. போர்த்துகல் நாட்டு இளவரசியை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மணமுடிக்க 1661ஆம் ஆண்டில் உடன்படிக்கை எழுதியபோது பம்பாய்த் தீவு சீதன வரிசையில் சேர்க்கப்பட்டது. 1803இல் நெப்போலியன் லூசியானா என்னும் பெருநிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிற்கு விற்றார். பம்பாயின் மீனவரையோ லூசியானாவின் பழங்குடிகளையோ எவரும் ஒரு சொல் கேட்டதாக வரலாறு இல்லை. மண்ணோடு மனிதரும் மரங்களைப் போலக் கணக்கில் எழுதப்பட்டனர்.

இவ்வழிகளுக்கு அப்பால் இன்னொரு வழியும் உண்டு. இரண்டு நாடுகள் எதிரெதிரே அமர்ந்து, நிலத்தில் வாழ்வோரின் இசைவைப் பெற்று, எழுதுகோலால் ஆட்சியை மாற்றிக்கொள்ளும் வழி அது. சொல்வதற்கு எளிது, வரலாற்றில் அரிது. அவ்வரிய நிகழ்ச்சி ஒன்று, நாம் பிறந்து வளர்ந்த காரைக்காலிலும், புதுச்சேரி, மாஹே, ஏனாம் என்னும் அதன் உடன்பிறந்த ஊர்களிலும் நிகழ்ந்தது. அதனை நாம் நேரில் கண்டவரல்லர். கண்டவர் மடியில் வளர்ந்தவர். அவர்களில் பெரும்பாலோர் மண்ணறை சேர்ந்துவிட்ட இந்நாளில், அந்தக் கைமாற்றத்தின் உட்பொருளைச் சற்று நின்று ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1664இல் நிறுவப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1674இல், பிரான்சுவா மர்த்தேன் என்பார் புதுச்சேரியில் காலூன்றினார். காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து அவர்கள் வசமாயிற்று. துய்ப்ளேயின் காலத்தில் தென்னாடு முழுவதையும் ஆளும் கனவு அவர்களுக்கு இருந்தது. அக்கனவின் எழுச்சியையும் சரிவையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்குக் காட்டுகிறது. 1761, 1778, 1793, 1803 என நான்கு முறை ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கையால் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஆக, இந்த மண் கைமாற்றத்திற்குப் புதியதன்று. முன்னைய மாற்றங்களில் பீரங்கி பேசிற்று. பாரிசில் மை உலர்ந்தது. இங்குள்ளவர் விடிந்தபின் செய்தி அறிந்தனர்.

இறுதியில் எஞ்சியது ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் நிலம். அதுவும் ஒன்றாக இல்லை. புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் சோழமண்டலக் கரையில், ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில், மாஹே மலையாளக் கரையில், சந்திரநாகூர் வங்காளத்தில். புதுச்சேரிப் பகுதியே பல துண்டுகள். ஒருவன் தன் வயலுக்குப் போகும் வழியில் ஆங்கிலேயர் ஆட்சியைக் கடந்து மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குள் நுழைய வேண்டியிருந்தது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே மொழி, ஒரே உறவு, ஒரே கந்தூரிக் கூட்டம். காரைக்கால் மஸ்தான் சாஹிபு தர்காவின் கந்தூரிக்கு நாகூரார் வருவர். நாகூர்க் கந்தூரிக்குக் காரைக்காலார் போவர். இடையில் நின்றது சுங்கச்சாவடி மட்டுமே.

எனினும் அந்த எல்லைக் கோடு வெறுங்கோடு அன்று. அது மக்களின் வாழ்வைச் சட்டத்தால் வேறுபடுத்திற்று. 1819ஆம் ஆண்டு சனவரியில் பிரெஞ்சு ஆட்சி பிறப்பித்த ஆணை ஒன்று, பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே நடைமுறைப்படுத்திய அதே வேளையில், இந்து, முஸ்லிம், கிறித்தவர் ஆகிய இந்நாட்டார் தத்தம் வழக்கப்படியே நீதி பெறுவர் என்று உறுதியளித்தது. 1881இல் வந்த மற்றோர் ஆணை, விரும்பியவர் தம் சமூக வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம் என்றது. அவ்வாறு ஏற்றோர் ரெனோன்சான் எனப்பட்டனர். குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொண்டனர். எம் முன்னோர் அதை ஏற்கவில்லை. ஷரீஅத்தின்படி பாகம் பிரித்து, நொத்தேரிடம் பத்திரம் எழுதி, மேரியில் பிறப்பு இறப்புப் பதிந்து, இரண்டு உலகங்களில் ஒரே வேளையில் வாழ்ந்தனர்.

ஆட்சி மென்மையாக இருந்தது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. புதுச்சேரி, பாரதியாருக்கும் அரவிந்தருக்கும் வ.வே.சு. ஐயருக்கும் அடைக்கலம் தந்த ஊர் என்பது உண்மை. அதே ஊரில் 1936 ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர் என்பதும் உண்மை. வ. சுப்பையா போன்றோர் எழுப்பிய உரிமைக் குரலும், எல்லைக்கு அப்பால் மூண்டிருந்த காங்கிரசு இயக்கமும் இங்குள்ள மக்களை உலுக்கின. 1947 ஆகஸ்டு 15இல் டெல்லியில் கொடி மாறியபோது, சுங்கச்சாவடிக்கு இப்பால் மாறவில்லை. நாகூரில் விடுதலை; சில கல் தள்ளிக் காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி. இந்த முரண் எத்தனை நாள் நிற்கும்?

நிற்காது என்பதை இரு அரசுகளும் அறிந்திருந்தன. அதே ஆகஸ்டு மாத இறுதியில், இச்சிக்கலை நட்புறவோடு தீர்ப்போம் என்று இந்தியாவும் பிரான்சும் கூட்டாக அறிவித்தன. அக்டோபரில் மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத்து முதலிய இடங்களிலிருந்த பழைய பண்டகசாலை மனைகளைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்தது. அவற்றில் மக்கள் தொகை என்று சொல்லத்தக்கது இல்லை. ஆதலால் சிக்கலும் இல்லை. மனிதர் வாழும் மண்ணுக்கு வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், தொடர்புடைய மக்களின் இசைவின்றி எந்நிலத்தையும் பிற நாட்டுக்கு விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று விதித்திருந்தது. தன் மக்களுக்காக எழுதிக்கொண்ட அவ்விதி, தன் குடியேற்ற நிலத்து மக்களுக்கும் ஒரு கேடயமாயிற்று. 1948இல் இரு அரசுகளும் மக்கள் தீர்ப்பே முடிவு என்று ஒப்புக்கொண்டன.

முதலில் கேட்கப்பட்டது சந்திரநாகூர். 1949 ஜூன் 19இல் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர விரும்பியோர் 7,473 பேர். வேண்டா என்றோர் 114 பேர். 1950 மே 2இல் ஆட்சி நடைமுறையில் மாறிற்று. 1951 பெப்ருவரியில் பாரிசில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1952 ஜூனில் சட்டப்படியும் மாறிற்று. கேள்வி, விடை, கைமாற்றம், பத்திரம் எல்லாம் மூன்றே ஆண்டுகளில் முறையாக முடிந்தன.

தெற்கே அவ்வாறு நடக்கவில்லை. தென்னக ஊர்களில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. பிரான்சுக்குச் சார்பாக நின்றோரிடம் ஆட்சியும் அடியாட்களும் இருந்தனர். இந்தியா 1949இல் சுங்கக் கூட்டு ஏற்பாட்டிலிருந்து விலகியது. எல்லையில் கெடுபிடி இறுகிற்று. 1954இல் அது முற்றுகை போலவே ஆயிற்று. போக்குவரத்துக்கு அனுமதிச் சீட்டு, பண்டங்களுக்குத் தட்டுப்பாடு. அமைதியான மாற்றம் என்று ஏடுகள் எழுதும்போது இந்த நெருக்கடியை மறந்துவிடுகின்றன. அடுத்த ஊரிலிருந்து வரவேண்டிய சாமான் சாவடியில் நின்றுவிட்ட நாட்களை எம் உம்மா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். போர் மூளவில்லை என்பது உண்மை; துன்பமே இல்லை என்பது உண்மையன்று.

அவ்வாண்டு நிகழ்ச்சிகள் விரைந்தன. அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற எதுவார் குபேர், மார்ச்சு மாதத்தில் இணைப்பின் பக்கம் திரும்பி நெட்டப்பாக்கத்தில் தனி ஆட்சி ஒன்றை அமைத்தார். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் விடுதலை இயக்கத்தார் கைக்கு வந்தன. ஆனால் தீர்ப்பை எழுதியவை இவை மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பால், மே 7ஆம் நாள், இந்தோசீனாவின் தியன்பியன்பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூனில் பிரதமரான மாந்தேஸ் பிரான்ஸ் ஜூலையில் ஜெனீவாவில் அப்போரை முடித்துவைத்தார். வியத்நாமில் பேரரசையே இழந்த பின், காரைக்காலின் சில கிராமங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பொருளில்லை என்று அவர் அரசு கண்டது. வெல்ல முடியாத போரை ஓரிடத்தில் கண்டவர் மற்றோரிடத்தில் மேசைக்கு வந்தார்.

1954 அக்டோபர் 18ஆம் நாள். புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள கீழூர் என்னும் சிற்றூரில் கொட்டகை ஒன்று எழுந்தது. சட்டமன்றத்தாரும் நகரசபைகளின் உறுப்பினரும் அங்கே கூடினர். வாக்களித்தோர் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்றாம் நாள், அக்டோபர் 21இல், டெல்லியில் இந்திய வெளியுறவுச் செயலர் ஆர்.கே. நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நவம்பர் முதல் நாள் பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி ஆட்சியை ஒப்படைக்க, இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பெற்றுக்கொண்டார்.

இங்கே நாம் சற்று நிற்கிறோம். சந்திரநாகூரில் ஒவ்வொருவரும் தம் வாயால் விடையளித்தனர். கீழூரில் பிரதிநிதிகள் விடையளித்தனர். நம் வீட்டு நிக்காஹ் மஜ்லிஸை நினைவில் கொண்டால் இவ்வேறுபாடு விளங்கும். மணமகள் சபைக்கு வருவதில்லை. வகீல் இரு சாட்சிகளோடு உள்ளே சென்று அவள் இசைவைக் கேட்டு வந்து சபையில் சொல்கிறார். அச்சொல் அவளுடைய சொல்லாகவே கொள்ளப்படும். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு: வகீல் உண்மையில் உள்ளே சென்று கேட்டிருக்க வேண்டும். கீழூரின் 178 வகீல்களும் தம் ஊராரைக் கேட்டா வந்தனர்? அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆனால் இந்தக் கேள்விக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். அவர்களுள் பலர் சில மாதங்களுக்கு முன்வரை எதிர்விடையைச் சொல்லிவந்தவர்.

இதைச் சொல்வதால் நாம் இணைப்பைக் குறை கூறுவதாகக் கொள்ளற்க. நேரடி வாக்கெடுப்பு நிகழ்ந்திருப்பின் விடை மாறியிருக்கும் என்று நாம் நம்பவில்லை. மக்கள் மனம் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அக்காலத்தவர் யாவரும் அறிவர். ஆயினும் விடை தெரிந்த கேள்வியாயினும் கேட்கத்தான் வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்று ஊரே அறிந்திருந்தாலும், சாட்சிகளை உள்ளே அனுப்பாமல் எந்த ஆலிமும் குத்பா ஓதமாட்டார். கேட்பது விடையை அறிவதற்கு மட்டுமன்று; கேட்கப்படுபவர் ஒரு மனிதர் என்பதை ஒப்புக்கொள்வதற்குமாம்.

நடைமுறை மாற்றம் 1954 நவம்பரில். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டில். இடையில் ஏறத்தாழ எட்டாண்டுகள். மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்தும்போது இந்த எட்டாண்டுகளை நாம் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. ஃபிக்ஹு நூல்கள் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒன்று மில்க்கு, அதாவது உடைமை. மற்றொன்று கப்ளு, அதாவது பொருளைக் கைக்கொள்ளல். ஈஜாபு கபூலால் உடைமை மாறிவிட்டாலும், பொருளைக் கைக்கொள்ளும் முன் வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்றல் நம் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. புதுச்சேரியில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. கப்ளு முன்னே வந்தது. மில்க்கு பின்னே வந்தது. அந்த எட்டாண்டும் மண் இந்தியாவின் கையில். உடைமை பிரான்சின் பெயரில். உடைமையாளர் அனுமதியோடு பொருளைக் கையில் வைத்திருப்பவரை நாம் என்னவென்போம்? அமீன் என்போம், அவர் கையிலிருப்பதை அமானிதம் என்போம். இந்தியா அவ்வாறே நடந்துகொண்டது. பிரெஞ்சுச் சட்டங்களே பெரும்பாலும் தொடர்ந்தன. ஊழியர் வேலையிலேயே இருந்தனர். நீதிமன்றத் தீர்ப்புகள் செல்லுபடியாயின.

ஒருமுறை இப்பாடத்தின் நடுவே மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், அந்த உடைமை பிரெஞ்சுக்காரருக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். வகுப்பே அமைதியாயிற்று. கேள்வி நேரானது. பீரங்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரசர்களிடம் எழுதி வாங்கிய உடைமை எத்தகைய உடைமை? கஸ்பு, அதாவது பிறர் பொருளைப் பறித்தல், உடைமையை உண்டாக்காது என்பதே நாம் அவருக்குக் கற்பித்த பாடம். நாம் அளித்த விடை இதுதான்: ஒப்பந்தத்தின் பெயரே அதனை மறைத்தும் காட்டியும் நிற்கிறது. பிரான்சு அதனை விட்டுக்கொடுத்தல் என்று எழுதிற்று. மக்கள் அதனை விடுதலை என்று அழைத்தனர். விட்டுக்கொடுப்பவர் உடையவராகப் பேசுகிறார். விடுதலை பெறுபவர் பறிகொடுத்தவராகப் பேசுகிறார். இரண்டு சொல்லும் ஒரே காகிதத்தில் பொருந்தா. இந்தியா அச்சொல்லுக்காகச் சண்டையிடவில்லை. எதிரே அமர்ந்தவர் தலை நிமிர்ந்து எழுந்து போகட்டும் என்று விட்டுவிட்டது. சமாதானத்தின் விலை சில வேளைகளில் ஒரு சொல்தான். மாணவர் அமர்ந்தார், முழுதும் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவ்வாறு ஒப்பாதிருப்பதும் நன்றே.

அவ்வொப்பந்தம் 1956 மே 28இல் டெல்லியில் கையெழுத்தாயிற்று. இந்தியாவின் சார்பில் பிரதமர் ஜவாஹர்லால் நேருவே கையெழுத்திட்டார். அதன் இரண்டாம் விதி, இந்த ஊர்கள் தம் தனி நிர்வாக நிலையைத் தொடர்ந்து பெறும், அதில் செய்யப்படும் எந்த அரசமைப்பு மாற்றமும் மக்கள் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யப்படும் என்கிறது. இருபத்தெட்டாம் விதி, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. கல்விக்கூடங்கள் தொடரவும் வழி செய்யப்பட்டது. 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இன்றும் சமற்கிருத, தமிழ்ச் சுவடிகளைக் காத்துவருகிறது. ஆண்டவர் போன பின்னும் அறிவுக்கான கதவைச் சாத்தவில்லை.

ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கவேண்டுமே! அது ஆறாண்டுகள் அளிக்கவில்லை. காரணம் புதுச்சேரியில் இல்லை, அல்ஜீரியாவில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள், கேவல் சிங் ஆட்சியைப் பெற்றுக்கொண்ட அதே நாளில், அல்ஜீரிய விடுதலைப் போர் மூண்டது. இங்கே ஓர் ஊரை முறைப்படி விட்டுக்கொடுத்தால் அங்கே ஒரு நாட்டையே விடவேண்டிவரும் என்று பாரிசில் பலர் அஞ்சினர். எட்டாண்டுக் குருதிப்பெருக்குக்குப் பின், 1962 மார்ச்சில் எவியானில் உடன்பாடு காணப்பட்டு, ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. அதே ஜூலையில் புதுச்சேரி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்டு 16இல் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. ஒரே பேரரசு, ஒரே நாளில் தொடங்கி ஒரே கோடையில் முடிந்த இரண்டு கதைகள். ஒன்று மையால் எழுதப்பட்டது. மற்றொன்று எண்ணற்ற முஸ்லிம்களின் குருதியால் எழுதப்பட்டது. அல்ஜீரியாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எம் ஊர் பெற்ற பேற்றை எண்ணி இறைவனைப் புகழ்கிறோம். பெறாதவர்க்காக நெஞ்சு கனக்கிறோம்.

இனி, அந்த ஆகஸ்டு 16 வீடுகளுக்குள் நுழைந்த கதையைச் சொல்லவேண்டும். ஒப்பந்தப்படி, இந்த ஊர்களில் பிறந்து அன்றைய நாளில் இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆயினர். வேண்டாதவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்தவரோ, எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக் குடிகளாகத் தொடர்ந்தனர். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிலையைத் தந்தையின் தேர்வே முடிவு செய்தது. சட்டம் படிக்க எத்துணை எளிமையாக இருக்கிறது!

எம் பாட்டனாருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவர் எம் பெரிய தந்தையார். இளமையிலேயே கப்பலேறிச் சைகோனுக்குச் சென்று துணிக்கடை வைத்திருந்தார். காரைக்கால், புதுச்சேரி மக்கள் அக்காலத்தில் சைகோனில் பலர். அலுவலர், சிப்பாய்கள், வணிகர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அந்நகரின் நடுவே கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு நிற்கிறது. இளையவர் எம் தந்தையார். கடையும் காணியும் தாயுமாகக் காரைக்காலிலேயே இருந்தார். ஒரே வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரே மேரியின் ஏட்டில் பதிவான இருவர். 1962 ஆகஸ்டு 16 காலையில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் இந்தியர். இருவரும் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை.

எம் தந்தையாருக்கு ஆறு மாதத் தவணை இருந்தது. எம் தெருவிலேயே சிலர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தனர். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற சொல்தாக்கள் பெரும்பாலும் எழுதினர், அது இயல்பே. சைகோனிலிருந்து பெரிய தந்தையார் கடிதத்துக்கு மேல் கடிதம் வரைந்தார். தம்பி எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும் என்பது அவர் கருத்து. பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. தந்தையார் எழுதவில்லை. பின்னாளில் நாம் காரணம் கேட்டபோது, "நானா போன இடத்தில் இருந்தார், நான் இருந்த இடத்தில் இருந்தேன். இருந்த இடத்தில் இருப்பதற்கு எதற்கு மனு?" என்றார். அது வீரமுமன்று, வெறுப்புமன்று. அவர் பிரெஞ்சு மொழியைக் கற்றவர். அதன் ஒழுங்கை மதித்தவர். தன் வாசலில் நின்றபடியே அயல்நாட்டாராக அவர் விரும்பவில்லை, அவ்வளவே.

1975இல் சைகோன் வீழ்ந்தது. பெரிய தந்தையார் கடையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பிரான்சுக்குச் சென்றார். அவ்வப்போது ஊருக்கு வருவார். விருந்தினர் அனுமதிச் சீட்டோடு தாம் பிறந்த வீட்டுக்கு வருவார். அண்ணன் தம்பி இருவரும் மாலையில் திண்ணையில் அமர்ந்து பிரெஞ்சிலும் தமிழிலுமாகப் பேசுவதை நாம் சிறுவராக இருந்து கேட்டதுண்டு. யார் தேர்வு சரி என்ற பேச்சு அவர்களிடையே ஒருநாளும் எழுந்ததில்லை. இருவரும் இன்று இல்லை. ஒருவர் மண்ணறை பாரிசுக்கு அருகே, மற்றவர் மண்ணறை எம் பள்ளிவாசலுக்குப் பின்னே. பெரிய தந்தையாரின் பேரப்பிள்ளைகள் எம்மோடு பேசும்போது தமிழ்ச் சொற்களைத் தேடுகின்றனர். நாம் பிரெஞ்சுச் சொற்களைத் தேடுகிறோம். ஸலாம் மட்டும் இரு பக்கமும் தடங்கலின்றி வருகிறது.

இத்தகைய குடும்பங்கள் எம் ஊரிலும் புதுச்சேரியிலும் பல. அறிவிப்பு எழுதத் தெரியாதவர், எழுதவேண்டும் என்பதையே அறியாதவர், ஆறு மாதமும் கடலில் இருந்தவர் என எத்தனையோ பேர். இவர்தம் வழிவந்தோர் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நாம் கண்டிருக்கிறோம். தந்தை அன்று எங்கே வாழ்ந்தார் என்பதை அரை நூற்றாண்டு கழித்து மகன் எண்பிப்பது எளிதா? நாடுகளின் கணக்கு ஒரு நாளில் தீர்ந்தது. வீடுகளின் கணக்கு இன்னும் தீரவில்லை.

வாக்குகள் காக்கப்பட்டனவா என்பதையும் நேர்மையாக நோக்கவேண்டும். 1963 ஜூலையில் இந்த ஊர்கள் தனி ஒன்றியப் பகுதியாயின. தமக்கெனச் சட்டமன்றமும் பெற்றன. 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் தமிழையும், மாஹேயில் மலையாளத்தையும், ஏனாமில் தெலுங்கையும் அரியணை ஏற்றிற்று. அது மக்கள் பிரதிநிதிகள் செய்த முடிவு. 1968இல் இந்தியச் சட்டங்கள் பல இங்கே விரிவாக்கப்பட்டபோதும், ரெனோன்சான்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியக் குடிமக்களாயிருந்தும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தால் ஆளப்படுவோர் இன்றும் புதுச்சேரியில் உண்டு. துய்ப்ளேயின் சிலையை இடம் மாற்றினர், உடைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14இல் முதிய சொல்தாக்கள் கடற்கரையிலுள்ள போர் நினைவிடத்தில் கூடுகின்றனர், எவரும் தடுப்பதில்லை.

ஒரே ஒரு முறை அவ்வாக்கு ஆடிற்று. 1979 சனவரியில் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய், இந்த ஊர்களை அருகிலுள்ள மாநிலங்களோடு இணைத்துவிடலாம் என்றார். புதுச்சேரியும் காரைக்காலும் கொந்தளித்தன. மொழி ஒன்று, இனம் ஒன்று, எல்லை செயற்கை. பின் ஏன் எதிர்த்தனர்? கேட்காமல் சொன்னதால் எதிர்த்தனர். மக்கள் விருப்பத்தை அறிந்த பின்னரே மாற்றம் என்று 1956இல் எழுதிய சொல், எழுதியவர் மறைந்த பின்னும் வீதியில் உயிரோடு நின்றது. அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. பிரான்சுக்கு அளித்த வாக்காகத் தொடங்கியது, மக்களுக்கு அளித்த வாக்காக முதிர்ந்ததை அன்று உலகம் கண்டது.

கோவாவை ஒப்பிட்டு நோக்குவார் இம்மாற்றத்தின் மதிப்பை அறிவர். போர்த்துகல் பேசவே மறுத்தது. கோவா தன் குடியேற்றமன்று, தன் மாகாணமே என்று சாதித்தது. பதினான்கு ஆண்டுகள் காத்த பின் 1961 டிசம்பரில் இந்தியப் படை புகுந்தது. இரு பக்கமும் உயிர்கள் போயின. அந்த இணைப்பைப் போர்த்துகல் 1974இன் இறுதியில்தான் ஏற்றுக்கொண்டது. பிரான்சும் தாமதித்தது, தயங்கியது, தன் மானத்துக்காக எட்டாண்டு இழுத்தடித்தது. ஆயினும் மேசையை விட்டு எழுந்து போகவில்லை. மேசையில் அமர்ந்திருக்கும் எதிரியும் ஒருவகையில் நண்பனே.

இன்று புதுச்சேரி மாநிலத்தார் மூன்று நாட்களில் கொடியேற்றுகின்றனர். ஆகஸ்டு 15 நாட்டின் விடுதலை நாள். ஆகஸ்டு 16 சட்டப்படியான மாற்ற நாள். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். ஆகஸ்டு 16இல் கீழூர் நினைவிடத்தில் எளிய விழா நடக்கும். பெருங்கூட்டம் இராது. பிள்ளைகளுக்கு அது விடுமுறை என்ற அளவிலேயே தெரியும். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. வெற்றிப் போருக்குக் கதை உண்டு, பாட்டு உண்டு. ஒப்பந்தத்துக்கு என்ன பாட்டு? ஆயினும், 1956இல் எழுதிய அந்த இரண்டாம் விதியையாவது நம் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவேண்டும். பொருளை ஒப்படைத்தவரும் பெற்றவரும் ஒருநாள் மறைந்துவிடுவர், அமானிதம் மறைவதில்லை. அதைக் காக்கும் கடமை, அன்று கேட்கப்பட்டவரின் பிள்ளைகளுக்கும், கேட்கப்படாமலே குடியுரிமை பெற்றவரின் பிள்ளைகளுக்கும் ஒப்பவே உரியது என்பதை மறவாதிருப்போமாக.